சில்லின் கடைசிக் கை

"தங்கச்சி, கடைசிக் கையை எப்படிப் பிடிக்கிறது?" என்று நிரோஜா கேட்டாள்.

மதுஷா சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பாண். ஒரு வாழைப்பழம்."

"அது காணும்."

சொல்லிவிட்டு எழும்பிப் பனித்தரைக்குப் போய்விட்டாள்.

நிரோஜா வாங்குப் பலகையிலேயே இருந்தாள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு எல்லாமே புதிது. கோபப்படக்கூட நேரமில்லை.

இருவரும் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போகும் ஒரு பனிச்சறுக்குக் குழுவில் இருந்தார்கள்.

லொறிகள் முன்னால் போய்விடும். ஏதாவது ஒரு விளையாட்டு மண்டபத்தில் குளிரூட்டும் குழாய்களைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உறைய விட்டு, மறுபடி தெளிப்பார்கள். சறுக்குபவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கும்போது, நேற்றுவரை பந்து விளையாடிய இடம் வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். நாலு நாள் காட்சி. ஐந்தாம் நாள் பனியை உடைத்து மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிவிட்டு அடுத்த ஊர்.

கொட்டிய பனிக்குவியலில் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். பஸ் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவது நிரோஜாவுக்குப் பிடித்திருந்தது.

அவள் சுவிஸில் பீல் என்ற ஊரில் வளர்ந்தவள். வயது முப்பத்துநாலு. வாரநாட்களில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கினாள். குழுவில் ஒருத்தி மணிக்கட்டை முறித்துக்கொண்டதால் பயணத்தின் நடுவில் ஓர் இடம் காலியானது. கேட்டார்கள். வைத்தியரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"உனக்கென்ன விசரா?" என்று அவளுடைய அண்ணன் தொலைபேசியில் கேட்டான்.

"ஓம்" என்றாள்.

மதுஷாவுக்கு இருபத்துநாலு. கனடாவில், டொரொன்டோவில் இருந்து வந்தவள். குழுவில் ஆறு வருடம். சில்லின் நடுவில் நிற்பவள் அவள்தான்.

சில்லு என்பது காட்சியின் முடிவில் வரும் சக்கர ஆட்டம்.

மதுஷா நடுவில் போய் நிற்பாள். நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பத் தொடங்குவாள். இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தியாக வந்து கை கோத்துக்கொள்வார்கள். வரிசை இரு பக்கமும் நீளும். நடுவில் இருப்பவளுக்கு அது ஒரு சின்ன அசைவு. விளிம்புக்குப் போகப் போக அது ஓட்டம். கடைசியில் இருப்பவளுக்கு அது பறப்பு.

பதினேழு பேர். பதினேழாவது நிரோஜா.

மற்ற எல்லோரும் கோத்த பிறகு, சுற்றிக்கொண்டிருக்கும் சில்லைத் துரத்திக்கொண்டு அவள் தனியாக ஓடிவர வேண்டும். பறை அடிப்பதுபோல மேளம் அதிரும். சனம் கை தட்டும். அவள் எட்டி அந்தக் கடைசிக் கையைப் பிடித்ததும் மண்டபம் எழும்பி நிற்கும்.

அப்படித்தான் நடக்க வேண்டும்.

அவளுக்கு முதல் ஊர் பெல்ஜியத்தில் கென்ட். முதல் காட்சி. நிரோஜா ஓடினாள். கை தெரிந்தது. பாய்ந்து பிடித்தாள்.

அஞ்சு பேர் விழுந்தார்கள்.

தலைகளில் குத்தியிருந்த செம்மஞ்சள் இறகுகள் பனியெங்கும் பறந்தன. ஒரு கோழிக்கூட்டுக்குள் நாய் புகுந்ததுபோல இருந்தது.

திரைக்குப் பின்னால் பெத்தனி முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். இங்கிலாந்துக்காரி. சில்லில் நிரோஜாவுக்குக் கை நீட்டுபவள்.

"உனக்கு என்மேல் என்ன கோபம்?"

"கை கிடைத்தது. பிடித்தேன்" என்றாள் நிரோஜா.

"கையை மட்டும் பிடித்திருக்கலாம். நீ என் பரம்பரையையே பிடித்து இழுத்தாய்."

எல்லோரும் சிரித்தார்கள். யிட்கா சிரிக்கவில்லை. அவள் செக் நாட்டுக்காரி, வரிசைக்குத் தலைவி. யார் எங்கே நிற்பது, யார் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவள் சொல்வதுதான்.

"மதுஷாவிடம் கேள்" என்றாள் யிட்கா. "ஆறு வருடமாக நடுவில் நிற்கிறாள். சில்லைப்பற்றி அவளுக்குத் தெரியும்."

அதனால்தான் நிரோஜா கேட்டாள். பாணும் வாழைப்பழமும் காணும் என்று பதில் வந்தது.

அடுத்து பிரான்சில் லீலுக்குப் போகும் பஸ்ஸில் நிரோஜா போய் மதுஷாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"என்னைவிடப் பத்து வயசு குறைஞ்ச பிள்ளையிட்டப் பாடம் கேக்க வந்திருக்கிறன்."

"அப்ப கேக்காதீங்கோ."

"கேக்கத்தான் போறன்."

"கேளுங்கோ."

"எப்படிப் பிடிக்கிறது?"

மதுஷா கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்தாள். வெளியே தட்டையான வயல்கள். ஒரு காற்றாலை. இன்னொரு காற்றாலை.

"சில்லு சுத்தேக்க நான் எங்க பாக்கிறன், சொல்லுங்கோ பாப்பம்."

"முன்னால."

"இல்லை."

"மேல. வெளிச்சத்தை."

"இல்லை."

"சனத்தையோ?"

"கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன்."

நிரோஜா அவளைப் பார்த்தாள். பகிடி விடுகிறாளோ என்று பார்த்தாள். இல்லை.

"அப்ப ஆர் வந்தது, ஆர் வரேல்ல எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது."

"ஒருத்தரையும் தெரியாதோ?"

மதுஷா யோசித்தாள்.

"உங்களைத் தெரியும்."

"என்னையோ?"

"ஓம். ஆறு வருசத்தில சில்லில எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான் அக்கா."

நிரோஜாவின் முகம் சிவந்தது. எழும்பி, ஆடும் பஸ்ஸில் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். பெத்தனியைத் தட்டி எழுப்பிச் சொன்னாள்.

"அப்படியா சொன்னாள்?" என்றாள் பெத்தனி.

"அப்படியேதான்."

"அவள் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஒருமுறை என் தொப்பி நன்றாயிருக்கிறது என்றாள். அது யிட்காவின் தொப்பி."

லீலில் நாலு நாளும் நிரோஜா சந்தோசமாகவே சறுக்கினாள். ஒவ்வொரு காட்சியிலும் ஓடினாள். கையைக் கண்டதும் எட்டிப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் வரிசை பாம்புபோல ஒருமுறை நெளிந்தது. ஒருத்தி தடுமாறினாள். ஒருநாள் பெத்தனியின் கையுறை கழன்று நிரோஜாவின் கையோடு வந்துவிட்டது. ஆனால் ஒருவரும் விழவில்லை.

விழாததால் பழகிவிட்டது என்று நினைத்தாள்.

கடைசி நாள் யிட்கா அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"அடுத்த ஊர் நாந்தில் பனித்தரை பெரியது. வரிசையை இன்னும் அகலமாக விரிக்கப்போகிறேன். வேகம் கூடும். அங்கே நீ இப்படி இழுத்தால் யாருக்காவது எலும்பு முறியும்."

"பிடிக்கிறேன்தானே?"

"நீ பிடிக்கவில்லை. தொங்குகிறாய்."

நிரோஜா கையுறையைக் கழற்றினாள்.

"நாந்தில் சனிக்கிழமை. அன்றைக்கும் சரிவராவிட்டால், இரண்டு பக்கமும் ஒவ்வொருத்தியைக் குறைத்துப் பதினைந்து பேரோடு சில்லைச் சுற்றுவேன். மற்றப் பக்கத்தில் குறைபவளுக்கு வேறு வேலை இருக்கிறது. உனக்கு இல்லை. நீ பீலுக்குப் போகலாம்."

யிட்கா கெட்டவள் இல்லை. அதனால் அவள் சொன்னது இன்னும் வலித்தது.

நாந்துக்குப் போகும் வழியெல்லாம் நிரோஜா தூங்கவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. வழியில் ஒவ்வொரு ஊரின் நுழைவிலும் அவர்களுடைய விளம்பரம் ஒட்டியிருந்தது. பெரிய சில்லு. செம்மஞ்சள் இறகுகள். விளிம்பில் முகம் தெரியாத ஒருத்தி.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, பள்ளிக்கூடத்தில் இருந்து இப்படி ஒரு காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். கடைசியாக ஓடி வந்தவள் கையைப் பிடித்தபோது நிரோஜா வாங்கில் ஏறி நின்று கத்தினாள். டீச்சர் இறக்கி விட்டார். மறுபடி ஏறினாள். அன்றைக்கு வேண்டும் என்று நினைத்ததைத்தான் இன்றைக்கும் வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சில்லுக்குள் ஓர் இடம்.

"தங்கச்சி" என்று மதுஷாவைக் கூப்பிட்டாள். "நான் இழுக்கிறன் எண்டு யிட்கா சொல்லுறா. இனி இழுக்க மாட்டன். சரிதானே?"

"ம்."

"சரியோ பிழையோ?"

"பாப்பம் அக்கா."

"உங்கட வாயில இருந்து ஒரு வசனம் வாங்கிறதுக்கு இன்னொரு பஸ் பிடிக்கோணும்போல."

மதுஷா சிரித்தாள். அதோடு சரி.

சனிக்கிழமை பின்னேரக் காட்சி. மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் பிள்ளைகள். கையில் மினுங்கும் விளக்குகள். மேளம் தொடங்கியதுமே தரையில் காலால் உதைத்து அவர்களும் மேளம் அடித்தார்கள்.

சில்லு விரிந்தது. பதினாறு பேர் கோத்தார்கள்.

நிரோஜா ஓடினாள்.

இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். பெத்தனியின் கை முன்னால் தெரிந்தது. பிடிக்கலாம். பிடித்தால் இழுத்துவிடுவேனோ? அந்த ஒரு நினைப்பில் கை போய்விட்டது.

அடுத்த சுற்று. மறுபடி கை. மறுபடி போய்விட்டது.

பிள்ளைகள் எழும்பி நின்று கத்தினார்கள். அவள் ஓட ஓடச் சத்தம் கூடியது. மூன்றாம் சுற்றில் தலையில் இருந்த இறகு கழன்று பறந்தது. மண்டபமே சிரித்தது. மேளம் முடிந்தது. சில்லு நின்றது. நிரோஜா தனியாக, மூச்சு வாங்கிக்கொண்டு, பனியின் நடுவில் நின்றாள்.

அந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு கைதட்டலை மதுஷாகூடக் கேட்டதில்லை.

திரைக்குப் பின்னால் நிரோஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யிட்கா வேகமாக வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"முதலாளி பார்த்தார். சிரித்துச் சிரித்து அழுதுவிட்டார்."

"மன்னித்துக்கொள். நான்..."

"மன்னிப்பா? இதைத்தான் வேண்டும் என்கிறார். இனி நீ பிடிக்கவே வேண்டாம். துரத்து. மூன்று சுற்றும் துரத்து. பிடிக்காதே. இன்றிரவில் இருந்து உனக்கென்று ஒரு தனி வெளிச்சம். கோடை முடியும்வரை உனக்கு இடம் உறுதி."

"உறுதியா?"

"எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்று. பிடித்துவிடாதே. இன்றைக்கும் பிடிக்கிறேன் என்று யாரையாவது இழுத்து விழுத்தினால், நாளைக்கு உனக்கு ரயில்."

யிட்கா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நிரோஜா சப்பாத்தோடேயே ரப்பர் விரிப்பில் ஓடினாள். மதுஷா உடுப்பு மாற்றும் அறையில் உட்கார்ந்து ஓர் அப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி! எனக்குத் தனி வெளிச்சமாம்!"

"கேள்விப்பட்டன்."

"கோடை முடியும்வரைக்கும் இருக்கலாமாம். வீட்டை போகத் தேவையில்லை. பார்சலோனா வருதாம். லிஸ்பன் வருதாம்."

"சந்தோசமோ அக்கா?"

"ஓம்! என்ன கேள்வி இது? சனம் கத்தினதை நீங்கள் கேக்கேல்லையோ? எனக்கெண்டுதான் கத்தினது."

"அப்ப சந்தோசம்."

"ஓம்."

மதுஷா அப்பிளைக் கடித்தாள்.

"ஆனா நான் சில்லில இருக்க மாட்டன்தானே" என்றாள் நிரோஜா.

"இல்லை."

"ஒவ்வொரு நாளும் அதைத் துரத்துவன். ஒவ்வொரு நாளும் வெளியில நிப்பன்."

"ஓம்."

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்கோ. இண்டைக்காவது ஒரு பதில் சொல்லுங்கோ."

மதுஷா அப்பிளின் நடுத்தண்டைக் கூடையில் போட்டாள். கையைத் துடைத்தாள்.

"வாங்கோ."

இரண்டு காட்சிக்கும் நடுவில் பனித்தரையைச் சீர்செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் பழக விடுவார்கள். மதுஷா பெத்தனியையும் இன்னும் ஐந்து பேரையும் கூப்பிட்டாள்.

"ஒரு பக்கச் சில்லு. ஒரு கை காணும்."

"ஆர் நடுவில?" என்று கேட்டாள் நிரோஜா.

"நீங்கள்."

"நானோ?"

"நில்லுங்கோ. இடது கையை நீட்டுங்கோ. கண்ணை மூடுங்கோ. நின்ற இடத்தில திரும்பினாக் காணும்."

நிரோஜா கண்ணை மூடினாள்.

"நான் கடைசியா வாறன்" என்றாள் மதுஷாவின் குரல். "நான் வந்து பிடிச்ச உடன 'வந்திட்டாள்' எண்டு கத்துங்கோ. வேற வேலை இல்லை."

முதலாவது கை வந்து கோத்தது. பிறகு வரிசை நீளுவதைத் தோளில் உணர்ந்தாள். அவள் மெல்லத் திரும்பினாள். கால் பெருவிரல் அளவுக்கு ஒரு நகர்வு. இன்னொரு நகர்வு. எங்கோ தூரத்தில் பிளேடுகள் பனியைக் கீறிக்கொண்டு போகும் சத்தம். காற்று முகத்தில் பட்டது.

காத்திருந்தாள்.

"தங்கச்சி, வாறீங்களோ?"

பிளேடுகள் மட்டும் கீறின.

"கெதியா வாங்கோப்பா. எனக்குத் தலை சுத்துது!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கனடாவில இருந்தே நடந்து வாறீங்களோ?"

"அக்கா, கண்ணைத் திறவுங்கோ."

திறந்தாள். வரிசையின் கடைசியில் மதுஷா பறந்துகொண்டிருந்தாள். பெத்தனியின் கை அவள் கையில் இருந்தது.

"எப்ப பிடிச்சனீங்கள்?"

"நீங்கள் முதல்தரம் கூப்பிடேக்க."

"பொய்!"

"மூண்டு சுத்து முடிஞ்சுது."

"இன்னொருக்கா" என்றாள் நிரோஜா. "இந்தமுறை கவனமா நிக்கிறன்."

இன்னொருமுறை. கண்ணை இறுக்கி மூடினாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். தோளில் வரும் சின்ன அதிர்வைக்கூட விடக் கூடாது என்று நின்றாள்.

வரவில்லை.

"திறவுங்கோ."

மதுஷா விளிம்பில் இருந்தாள். கையில் கை.

"என்ன மாயமடி இது?"

அப்போது பெத்தனி வரிசையை விட்டு விலகினாள்.

"இப்போது நான் ஓடுகிறேன். இப்போது நான் நிரோஜா!" என்று கத்தினாள். "கண்ணை மூடு!"

நிரோஜா மூடினாள். வரிசை சுற்றியது. பெத்தனி பெரிய சத்தமாக மூச்சு வாங்கிக்கொண்டு, "வாறன்! வாறன்!" என்று இரண்டு வாரமாகப் பொறுக்கிய தமிழில் கத்திக்கொண்டு வந்தாள்.

இடது தோள் பிடுங்கிக்கொண்டு போவதுபோல ஓர் இழுவை. நிரோஜா நின்ற இடத்தில் இருந்து இரண்டடி சறுக்கிப் போனாள்.

"ஐயோ! வந்திட்டாள்! வந்திட்டாள்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி உண்மையாகவே விழுந்தாள். நிரோஜாவும் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

மதுஷாவைப் பார்த்தாள்.

"இப்பிடித்தானோ என்னைத் தெரியும்?"

"ஓம் அக்கா."

"ஆறு வருசத்தில என்னை மட்டுமோ?"

"உங்களை மட்டும்."

"நான் பஸ் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனே! ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் நல்ல சந்தோசமா இருந்தனீங்கள்."

நிரோஜா பனியில் இருந்துவிட்டாள். குளிர் ஏறியது. அவள் எழும்பவில்லை.

"சரி. இண்டைக்கு இரவு? பிடிக்கிறதோ, விடுறதோ? அதையாவது சொல்லுங்கோ."

மண்டபத்தின் கதவுகளைத் திறக்கும் மணி அடித்தது. மதுஷா குனிந்து, நிரோஜாவின் சப்பாத்தில் தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டினாள். இரண்டு முடிச்சு. தட்டிப் பார்த்தாள்.

"இறகைக் குத்துங்கோ அக்கா. நேரமாச்சு."

இரவுக் காட்சிக்குப் பின்னேரத்தைவிடக் கூடச் சனம். படிக்கட்டுகளில்கூட இருந்தார்கள். செய்தி பரவிவிட்டதோ என்னவோ, நிரோஜா முதலாவது ஆட்டத்துக்கு வந்தபோதே சிலர் அவளைக் கைகாட்டிச் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னால் யிட்கா அவள் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"மூன்று சுற்று. துரத்து. பிடிக்காதே. சிரித்த முகத்தோடு வா."

மேளம் தொடங்கியது.

மதுஷா நடுவில் போய் நின்றாள். கண்ணை மூடினாள். சில்லு முளைத்தது. ஆறு பேர். பத்துப் பேர். பதினாறு.

நிரோஜா திரையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள்.

வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. அவளுக்கென்று ஒரு வட்டம். அவள் போகும் இடமெல்லாம் கூடவே ஓடி வந்தது. மண்டபம் வெடித்தது.

ஓடினாள். கால் சூடானது. காது அடைத்தது. முதல் சுற்றில் பெத்தனியின் கையைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். கை முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

"எட்டிப் பிடி! எட்டிப் பிடி!" என்று பிரெஞ்சில் பிள்ளைகள் கத்தினார்கள்.

இரண்டாம் சுற்றில் அவள் கையைப் பார்க்கவில்லை. சில்லு எங்கே போகிறதோ அங்கே பார்த்தாள். முழங்காலை மடித்தாள். பனி நல்ல பனி. பெரிய தரை. இப்படி ஓட அவளுக்கு இதுவரை ஓர் இடம் கிடைத்ததில்லை. பீலில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டே பின்னால் போய்ப் பழகிய கால்கள். அவை இப்போது தங்கள் பாட்டுக்கு ஓடின. காற்று வாய்க்குள் புகுந்தது. அவள் கத்தினாளோ சிரித்தாளோ தெரியாது.

பெத்தனியின் முகம் பக்கத்தில் வந்தது.

பின்னால் இல்லை. முன்னால் இல்லை. பக்கத்தில்.

"ஹலோ" என்றாள் பெத்தனி.

"ஹலோ."

இரண்டு பேரும் அப்படியே போனார்கள். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெத்தனியின் இறகு நிரோஜாவின் கன்னத்தைத் தடவியது. நிரோஜா முதல்தடவையாக நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். அவள் சுற்றவில்லை. மண்டபம்தான் சுற்றியது. வாய் திறந்த முகங்கள். ஒரு மனிதர் தோளில் பிள்ளையோடு. மினுங்கும் விளக்குகள் ஒரே கோடாக.

மேளம் உச்சத்துக்குப் போனது.

வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தவன் அவளைத் தவறவிட்டான்.

வட்டம் அவளைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்தது. துரத்துபவளைத் தேடி வெறும் பனிமேல் அங்குமிங்கும் ஓடியது. சனமும் வெளிச்சத்தோடு சேர்ந்து தேடியது. கத்தல் மெல்லக் குறைந்தது. எங்கே அவள்? விழுந்துவிட்டாளா?

அந்த அமைதியில் நிரோஜாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. பிளேடுகள் பனியைக் கீறும் சத்தம். பதினேழு பேரின் சத்தம். ஒரே ஒரு நீண்ட சத்தமாக இருந்தது.

அதில் தன்னுடையது எது என்று காது கொடுத்துப் பார்த்தாள்.

திரைக்குப் பின்னால் இருந்து யிட்கா இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"யிட்கா கத்துகிறாள்!" என்றாள் பெத்தனி. "கையை விடச் சொல்கிறாள்! உடனே விட வேண்டுமாம்!"

நிரோஜா அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்த ஒரு சாண் அப்படியே இருந்தது.

"யாருடைய கையை?" என்று கேட்டாள்.